பைத்தான் லாகிங்ல சொந்தமா ஒரு லெவல் சேர்க்கறது எப்படி

பைத்தான்ல ஓரளவு பெரிய அப்ளிகேஷன் எழுதி ப்ரொடக்‌ஷன்ல ஓட விட்டவங்க எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்த ஆசை வரும், லாக் லெவல்கள்ல இன்ஃபோவுக்கும் வார்னிங்குக்கும் நடுவுல ஒண்ணு இருந்தா நல்லா இருக்குமேன்னு. சர்வர் ஸ்டார்ட் ஆச்சு, கான்ஃபிக் மறுபடி லோட் ஆச்சு, டேட்டாபேஸ் கனெக்‌ஷன் வேற ரெப்ளிகாவுக்கு மாறிடுச்சு, ராத்திரி ஓடற பேட்ச் ஜாப் முடிஞ்சுது, இதெல்லாம் தப்பு இல்ல, அதனால வார்னிங்ல போட மனசு வராது, ஆனா இன்ஃபோல போட்டா ஒவ்வொரு ரிக்வஸ்ட்டுக்கும் விழற ஆயிரக்கணக்கான வரிக்குள்ள போய் காணாமப் போயிடும். இதே மாதிரி கீழ்ப்பக்கமும் ஒரு தேவை வரும், டீபக்கை விட நுணுக்கமா, ஒவ்வொரு பைட்டும் எங்க போகுதுன்னு பாக்கற அளவுக்கு ட்ரேஸ்னு ஒண்ணு வேணும்னு தோணும்.

பைத்தானோடவே வர்ற லாகிங் மாட்யூல்ல இதுக்கு வழி இருக்கு, சொல்லப்போனா ரெண்டே வரி வேலை. ஆனா அந்த ரெண்டு வரியைச் சுத்தி இருக்கற விஷயங்களை கவனிக்கலேன்னா லைன் நம்பர் தப்பா வரும், சிஸ்லாக்ல (யூனிக்ஸ் சிஸ்டம்களோட பொதுவான லாக் வசதி) வார்னிங்னு போய் விழும், கான்ஃபிக் லோட் ஆகறப்பவே எரர் அடிக்கும். அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல சேர்த்து எழுதறேன். கோடெல்லாம் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்துலயே குடுத்திருக்கேன், எடிட்டர்ல டைப் பண்றப்போ அதுஅதோட வழக்கமான பேரைப் போட்டுக்கோங்க.

உள்ள இருக்கறது வெறும் நம்பர்தான்

லெவல்னா பைத்தானுக்கு ஒரு முழு எண், அவ்ளோதான். டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. நாட்செட்னு 0 ஒண்ணு இருக்கு, அதை லெவலா நினைக்காதீங்க, "நான் எதுவும் முடிவு பண்ணல, எனக்கு மேல இருக்கற லாகர் என்ன சொல்லுதோ அதுதான்"ங்கறதுக்கான அடையாளம் அது. ஒரு மெசேஜ் வரும்போது அதோட நம்பர் லாகரோட நம்பருக்கு சமமாவோ அதிகமாவோ இருக்கான்னு முதல்ல பாக்கும், அதைத் தாண்டினா ஒவ்வொரு ஹேண்ட்லரும் (மெசேஜை ஃபைலுக்கோ ஸ்க்ரீனுக்கோ அனுப்பறது) தன்னோட நம்பரை வச்சு தனியா ஒரு தடவை பாக்கும். பேரு பிரின்ட் பண்றப்பவும் கான்ஃபிக்ல எழுதறப்பவும்தான் தேவைப்படும். இந்த மாட்யூல் 2002ல வினய் சாஜிப், ட்ரென்ட் மிக் ரெண்டு பேரும் எழுதின பெப் 282ங்கற முன்மொழிவு வழியா வந்து 2003ல பைத்தான் 2.3ல சேர்ந்தது, அன்னைக்கு பத்து பத்தா விட்ட இடைவெளி இன்னைக்கும் அப்படியே இருக்கறதாலதான் நடுவுல நாம ஒண்ணு சொருக முடியுது.

இன்னொண்ணு, எல்லா லாகருக்கும் மேல இருக்கற ரூட் லாகரோட டீஃபால்ட் லெவல் வார்னிங். புதுசா ஒரு லெவல் 25ல சேர்த்துட்டு எதுவும் வரலையேன்னு தேடிக்கிட்டு இருக்கறவங்க முதல்ல பாக்க வேண்டியது இதைத்தான். 25ங்கறது 30ஐ விட கம்மி, லாகர் லெவலை இறக்கற வரைக்கும் வராது.

உண்மையிலேயே அது ஒரு லெவல்தானா

கோடுக்குப் போறதுக்கு முன்னாடி இதுல கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா கஸ்டம் லெவல் கேக்கறவங்கள்ல நிறைய பேருக்கு தேவைப்படறது லெவலே இல்ல. லெவல்ங்கறது காய்ச்சல் எத்தனை டிகிரிங்கற மாதிரி, என்ன வியாதிங்கறது வேற கேள்வி. ஆடிட், செக்யூரிட்டி, பேமென்ட், எஸ்கியூஎல் இதெல்லாம் வியாதியோட பேரு. இதுங்களை லெவலா ஆக்கப் போனா எந்த நம்பர் குடுக்கறதுன்னு உடனே முட்டிக்கும்.

ஆடிட்டையே எடுத்துக்குவோம். யார் எந்த ரெக்கார்டை எப்போ மாத்தினாங்கன்னு எழுதி வைக்கணும், அது ஒரு வரி கூட தொலையக் கூடாது. இதை 25னு வச்சீங்கன்னா, என்னைக்கோ ஒரு நாள் டிஸ்க் நிரம்புதுன்னு யாரோ லாகர் லெவலை வார்னிங்குக்கு ஏத்துவாங்க, அன்னைக்கே ஆடிட் வரிகள் சத்தமில்லாம நின்னுடும், ஆறு மாசம் கழிச்சு யாராவது கேக்கறப்பதான் தெரியும். சரி அப்போ எப்பவும் வர்ற மாதிரி 60னு வச்சுடலாம்னா, 50க்கு மேல வர்றது எல்லாத்துக்கும் போன் அடிக்கணும்னு அலர்ட் ரூல் எழுதியிருப்பாங்க, யாரோ ஒரு யூசர் தன்னோட அட்ரஸை மாத்தினதுக்கு ராத்திரி 2 மணிக்கு ஆன்-கால்ல இருக்கறவர் எழுந்து உக்காரணும். எந்த நம்பரும் சரியா வராது, ஏன்னா அது அந்தக் கோட்டுலயே இல்லாத விஷயம்.

இதுக்கு சரியான வழி தனி லாகர். "ஆப்.ஆடிட்"னு ஒரு பேர்ல கெட்லாகர் கூப்பிட்டு, அதுக்குன்னு தனி ஃபைல் ஹேண்ட்லர் குடுத்து, லெவலை இன்ஃபோன்னு நிலையா வச்சு, ப்ரோபகேட்டை (மேல இருக்கற லாகருக்கும் கடத்தறதை) ஃபால்ஸ் ஆக்கிட்டா முடிஞ்சுது. மத்த லாகை யார் எப்படி ஏத்தினாலும் இறக்கினாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது. எஸ்கியூஎல் வரிகளுக்கும் இதேதான், ஜாங்கோங்கற வெப் ஃப்ரேம்வொர்க் பண்றதைப் பாருங்க, "ஜாங்கோ.டிபி.பேக்கெண்ட்ஸ்"ங்கற லாகர்ல டீபக் லெவல்லதான் குவரிகளை எழுதுது, புது லெவல் எதுவும் உண்டாக்கல.

அப்போ எப்போ லெவல் சேர்க்கலாம்? நீங்க சேர்க்க நினைக்கறது எந்த ரெண்டு லெவலுக்கு நடுவுலங்கறதை யோசிக்காம சொல்ல முடியணும், அதோட அதுக்கு மேல மட்டும் காட்டுன்னு யாராவது நிஜமாவே கேப்பாங்களான்னும் பாக்கணும். நோட்டீஸ் ரெண்டுலயும் பாஸ் ஆகும், "தப்பு இல்ல, ஆனா பாத்து வச்சுக்கோ"ங்கறது இன்ஃபோவுக்கு மேல வார்னிங்குக்கு கீழ. சிஸ்லாக்ல ரொம்ப காலமாவே இது இருக்கு, அதோட விதிமுறையான ஆர்எஃப்சி 5424ல 0ல எமர்ஜென்சில ஆரம்பிச்சு 7ல டீபக் வரைக்கும் எட்டு படி, அதுல 4 வார்னிங், 5 நோட்டீஸ், 6 இன்ஃபர்மேஷனல். அங்க நம்பர் குறைய குறைய ஆபத்து அதிகம், பைத்தானுக்கு நேர் எதிர், மாத்தி எழுதறப்போ இதை மறக்காதீங்க. ட்ரேஸும் பாஸ் ஆகும். வெர்போஸ்னு இன்ஃபோவுக்கும் டீபக்குக்கும் நடுவுல 15ல ஒண்ணு வைக்கறதும் நியாயம்தான், பைத்தான் பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற பிப்போட சோர்ஸ்ல போய்ப் பாத்தீங்கன்னா அவங்களும் சரியா 15ல வெர்போஸ் வச்சிருக்காங்க.

நீங்க எழுதறது லைப்ரரின்னா இதோட நிறுத்திடுங்க, கஸ்டம் லெவல் வேண்டாம். பைத்தானோட லாகிங் ஹவ்-டூ டாக்குமென்ட்லயே இதைச் சொல்லியிருக்காங்க, லைப்ரரிக்குள்ள கஸ்டம் லெவல் வைக்கறது ரொம்ப மோசமான யோசனையா முடியலாம்னு. காரணம் எளிமை: லெவல் பேர்கள் இருக்கற டேபிள் அந்த ப்ராசஸ் முழுக்க ஒண்ணே ஒண்ணுதான். 25ஐ எடுத்துக்கோங்க, லோகுரூங்கற இன்னொரு லாகிங் லைப்ரரில அது சக்ஸஸ், வெர்போஸ்லாக்ஸ்ங்கற பேக்கேஜ்ல நோட்டீஸ், பைத்தானோட மல்டிப்ராசஸிங் மாட்யூல்ல சப்வார்னிங். ஒரே டேபிள்ல ரெண்டு லைப்ரரி 25க்கு ஆளுக்கொரு பேர் எழுதினா கடைசியா எழுதினவர் பேர்தான் நிக்கும், முன்னாடி இருந்தவரோட வரிகளும் அந்தப் பேர்லயே பிரின்ட் ஆகும், எரர் எதுவும் வராது. அப்ளிகேஷன் எழுதறவருக்கு மட்டும்தான் எல்லாம் ஒண்ணா எப்படி இருக்குன்னு தெரியும், அதனால அந்த முடிவு அவர் கையிலதான் இருக்கணும்.

ரெண்டு வரி

ப்ராஜெக்ட்ல "லாக்லெவல்ஸ்"னு ஒரு சின்ன மாட்யூல் போட்டுக்கோங்க, வேற எதையும் இம்போர்ட் பண்ணாம லாகிங்கை மட்டும் இம்போர்ட் பண்ணட்டும். அதுல:

நோட்டீஸ் = 25
லாகிங்.ஆட்லெவல்நேம்(நோட்டீஸ், "நோட்டீஸ்")

இவ்ளோதான். இனிமே எங்க வேணும்னாலும் இப்படிக் கூப்பிடலாம்:

லாகர்.லாக்(நோட்டீஸ், "கான்ஃபிக் மறுபடி லோட் ஆச்சு")

இது முழுசா வேலை செய்யும், லைன் நம்பர் சரியா வரும், எந்த வெர்ஷன்லயும் உடையாது, டைப் செக்கரும் வாயைத் திறக்காது. ப்ராஜெக்ட்ல மொத்தமே ஒரு இருபது இடத்துலதான் நோட்டீஸ் வரப்போகுதுன்னா இதுக்கு மேல ஒண்ணும் செய்ய வேண்டாம்ங்கறது என்னோட கருத்து, லாகர்.நோட்டீஸ்னு எழுதணும்ங்கற ஆசைக்காக மட்டும் கீழ வர்றதையெல்லாம் இழுத்துப் போட்டுக்க வேண்டியதில்ல.

ஆட்லெவல்நேம் கூப்பிடாம வெறும் 25னு எழுதினாலும் மெசேஜ் போகும், ஆனா லாக்ல "லெவல் 25"னு விழும், பாக்கறவருக்கு ஒண்ணும் புரியாது. பேரை எட்டு எழுத்துக்குள்ள வச்சுக்கோங்க, நிறைய பேர் ஃபார்மேட்ல லெவல் பேருக்கு எட்டு எழுத்து இடம் ஒதுக்குவாங்க, கிரிட்டிக்கல்ங்கறது ஆங்கிலத்துல எட்டு எழுத்துங்கறதால. அதுக்கு மேல போனா வரியெல்லாம் கோணலா நிக்கும். முழுக்க கேப்பிட்டல் எழுத்துல வைங்க, மத்ததெல்லாம் அப்படித்தான் இருக்கு, கான்ஃபிக்ல தேடறப்போ பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்கும்.

லாகர்.நோட்டீஸ்னே கூப்பிடணும்னா

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, லாகர் க்ளாஸ்லயே ஒரு மெத்தடை ஒட்டறது. ஃபங்க்டூல்ஸ்ல பார்ஷியல்மெத்தட்னு ஒண்ணு இருக்கு, அதை வச்சு ஒரே வரி:

லாகிங்.லாகர்.நோட்டீஸ் = பார்ஷியல்மெத்தட்(லாகிங்.லாகர்.லாக், நோட்டீஸ்)

லாக்ங்கற மெத்தடுக்கு முதல் ஆர்க்யுமென்ட்டை முன்கூட்டியே நிரப்பி வேற பேர்ல வைக்கறோம், வேற ஒண்ணும் இல்ல. இதுல ஒரு பெரிய வசதி, நடுவுல நாம எழுதின பைத்தான் ஃபங்க்‌ஷன் எதுவும் வராததால யார் கூப்பிட்டாங்கங்கற கணக்கு குழம்பாது, ஃபைல் பேரும் லைன் நம்பரும் அப்படியே சரியா வரும். இன்னொரு வசதி, க்ளாஸ்லயே ஒட்டறதால ஏற்கெனவே உருவான லாகர்களுக்கும் ரூட் லாகருக்கும் கூட அந்த மெத்தட் கிடைச்சுடும். குறைன்னா, பைத்தானோட சொந்த க்ளாஸ்ல கை வைக்கறோம், அது அப்ளிகேஷன்ல பரவாயில்ல லைப்ரரில கூடாது, அதோட மைபை மாதிரி டைப் செக்கருக்கு இந்த மெத்தட் இருக்கறதே தெரியாது, ஒவ்வொரு இடத்துலயும் சிவப்புக் கோடு போடும்.

டைப் ஹின்ட் எல்லாம் ஒழுங்கா போடற டீம்னா ரெண்டாவது வழிதான் சரி, லாகர்லேர்ந்து ஒரு க்ளாஸ் உண்டாக்கறது:

க்ளாஸ் ஆப்லாகர்(லாகிங்.லாகர்):
    டெஃப் நோட்டீஸ்(செல்ஃப், மெசேஜ், *ஆர்க்ஸ், **கேவேர்க்ஸ்):
        கேவேர்க்ஸ்["ஸ்டேக்லெவல்"] = கேவேர்க்ஸ்.கெட்("ஸ்டேக்லெவல்", 1) + 1
        செல்ஃப்.லாக்(நோட்டீஸ், மெசேஜ், *ஆர்க்ஸ், **கேவேர்க்ஸ்)

லாகிங்.செட்லாகர்க்ளாஸ்(ஆப்லாகர்)

அந்த ஸ்டேக்லெவல் வரிதான் இதுல உயிர்நாடி. லாகிங் மாட்யூல் ஒரு மெசேஜ் எங்கேர்ந்து வந்துதுன்னு கண்டுபிடிக்க கால் ஸ்டேக்ல பின்னாடி நடந்து போகும், தன்னோட சொந்த ஃபைலைத் தாண்டி வர்ற முதல் இடம்தான் கூப்பிட்டவர்னு எடுத்துக்கும். நாம எழுதின நோட்டீஸ் மெத்தட் நம்ம ஃபைல்ல இருக்கு, அதனால அதையே கூப்பிட்டவர்னு நினைச்சுக்கும், லாக்ல வர்ற ஒவ்வொரு நோட்டீஸ் வரியும் "லாக்லெவல்ஸ் ஃபைல், இன்ன லைன்"னு ஒரே இடத்தைக் காட்டும். ப்ரொடக்‌ஷன்ல ஒரு பிரச்சனைன்னு தேடறப்போ இதை விட எரிச்சலான விஷயம் இல்ல. ஸ்டேக்லெவலை ஒண்ணு கூட்டிட்டா "என்னையும் தாண்டிப் போய்ப் பாரு"ன்னு சொன்ன மாதிரி. இந்த ஆர்க்யுமென்ட் பைத்தான் 3.8லேர்ந்துதான் இருக்கு.

இணையத்துல இதுக்கு கிடைக்கற பழைய விடைகள் நிறைய, செல்ஃப்.லாக் பதிலா அடிக்கோடு போட்ட _லாக்ங்கற உள் மெத்தடை நேரா கூப்பிடச் சொல்லும். 3.10 வரைக்கும் அது ஸ்டேக்லெவல் போடாமலே சரியான லைன் நம்பர் குடுத்துச்சு, ஏன்னா அப்போ ஸ்டேக்ல எத்தனை படி பின்னாடி போகணும்ங்கற கணக்கு வேற மாதிரி இருந்துச்சு. 3.11ல ஸ்டேக்லெவல் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி நடக்கணும்னு அந்தக் கணக்கை மாத்தினாங்க, அதுக்கப்புறம் அந்தப் பழைய கோட் எல்லாம் ராப்பரோட (நடுவுல நாம எழுதின மெத்தடோட) லைனையே காட்ட ஆரம்பிச்சுடுச்சு. பைத்தான் வெர்ஷன் ஏத்தின பிறகு உங்க லாக்ல திடீர்னு எல்லா வரியும் ஒரே ஃபைலைக் காட்டுதுன்னா காரணம் இதுவாத்தான் இருக்கும். மேல எழுதின மாதிரி பப்ளிக்கா இருக்கற லாக் மெத்தடை ஸ்டேக்லெவலோட கூப்பிட்டா 3.8லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும், அதான் இதைச் சொல்றேன்.

கேவேர்க்ஸை அப்படியே கடத்தி விடறதையும் விட்டுடாதீங்க, இல்லேன்னா எக்ஸ்ட்ரா, எக்ஸ்சி_இன்ஃபோ எதுவும் நோட்டீஸ்ல மட்டும் வேலை செய்யாது.

செட்லாகர்க்ளாஸ் கூப்பிடற நேரம் ரொம்ப முக்கியம். அதுக்கு அப்புறம் உருவாகற லாகருக்கு மட்டும்தான் புது க்ளாஸ், முன்னாடியே உருவானது பழைய லாகராவே இருக்கும். மாட்யூல் மேலேயே "லாகர் = கெட்லாகர்"னு எழுதற பழக்கம் எல்லாருக்கும் இருக்கறதால, இம்போர்ட் வரிசையில ஒண்ணு முன்னபின்ன ஆனாப் போதும், ஒரு ஃபைல்ல லாகர்.நோட்டீஸ் வேலை செய்யும், இன்னொரு ஃபைல்ல "லாகர் ஆப்ஜெக்ட்ல நோட்டீஸ்ங்கற ஆட்ரிப்யூட் இல்ல"ன்னு ஆட்ரிப்யூட்எரர் வரும், அதுவும் அந்த வரி ஓடறப்போதான் வரும். ரூட் லாகருக்கு இந்த வழில எப்பவுமே கிடைக்காது, லாகிங் மாட்யூல் லோட் ஆகறப்பவே அது உருவாகிடும்.

இதைச் சமாளிக்க, பிப்ல பண்ணியிருக்கற மாதிரி லாக்லெவல்ஸ் மாட்யூல்லயே உங்களோட சொந்த கெட்லாகர் ஒண்ணு வச்சுக்கோங்க, உள்ள லாகிங்.கெட்லாகரைக் கூப்பிட்டு விடையை டைப்பிங்.காஸ்ட் வச்சு ஆப்லாகர்னு சொல்லித் திருப்பிக் குடுக்கட்டும். ப்ராஜெக்ட்ல எல்லாரும் அதையே இம்போர்ட் பண்ணட்டும். அதை இம்போர்ட் பண்ணணும்னாலே செட்லாகர்க்ளாஸ் முன்னாடி ஓடியிருக்கும், வரிசைப் பிரச்சனை பெரும்பாலும் தீர்ந்துது, டைப் செக்கரும் அமைதியாகும்.

கான்ஃபிக்

லாகிங் அமைப்பு மொத்தத்தையும் ஒரே இடத்துல எழுதிக் குடுக்கற டிக்ட்கான்ஃபிக்ல ஹேண்ட்லருக்கு லெவல் "நோட்டீஸ்"னு பேராவே எழுதலாம். ஆனா டிக்ட்கான்ஃபிக் ஓடறதுக்கு முன்னாடி ஆட்லெவல்நேம் ஓடியிருக்கணும், இல்லேன்னா "அன்நோன் லெவல்"னு வேல்யூஎரர் வரும். ஜாங்கோவா இருந்தா செட்டிங்ஸ் ஃபைலோட தலையிலேயே லாக்லெவல்ஸை இம்போர்ட் பண்ணிடுங்க, செட்டிங்ஸ் லோட் ஆன பிறகுதான் ஜாங்கோ லாகிங்கை கான்ஃபிகர் பண்ணும், அதனால சரியா இருக்கும். லாக்லெவல்ஸ் வேற எதையும் இம்போர்ட் பண்ண வேண்டாம்னு சொன்னதும் இதுக்காகத்தான், செட்டிங்ஸுக்குள்ள மாடல்ஸ் எல்லாம் இழுத்துட்டு வந்துடக் கூடாது.

நல்லா வேலை செய்யற ஒரு அமைப்பு: லாகர் லெவல் இன்ஃபோ, ஃபைல் ஹேண்ட்லர் இன்ஃபோ, கன்சோல் ஹேண்ட்லர் நோட்டீஸ். டெர்மினல்ல பாக்கறவருக்கு முக்கியமானது மட்டும் தெரியும், ஃபைல்ல எல்லாம் இருக்கும்.

என்விரான்மென்ட் வேரியபிள்லேர்ந்து லெவல் பேரைப் படிக்கறீங்கன்னா கெட்லெவல்நேமை நம்பாதீங்க. அது நம்பர் குடுத்தா பேரும் பேர் குடுத்தா நம்பரும் தரும், தெரியாத பேர் குடுத்தா எரர் அடிக்காம "லெவல் இன்னது"ன்னு ஒரு ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தரும். 3.11லேர்ந்து கெட்லெவல்நேம்ஸ்மேப்பிங்னு ஒண்ணு இருக்கு, பேருக்கு நம்பர் இருக்கற டிக்‌ஷ்னரியா தரும், அதுல தேடிப் பாத்து இல்லேன்னா அங்கேயே நிறுத்திடலாம்.

வெளிய போற இடத்துல என்ன ஆகுது

நிறைய பேர் பாக்காம விடற இடம் இது. பைத்தானோட சிஸ்லாக்ஹேண்ட்லருக்குள்ள ப்ரையாரிட்டி_மேப்னு ஒரு டிக்‌ஷ்னரி இருக்கு, அதுல அஞ்சு ஸ்டாண்டர்ட் பேர்கள் மட்டும்தான். அதுல இல்லாத பேர் வந்தா என்ன பண்ணும் தெரியுமா, வார்னிங்னு அனுப்பிடும். அதாவது சிஸ்லாக்லயே நோட்டீஸ்னு ஒரு படி இருக்கறப்போ நம்ம நோட்டீஸ் அங்க வார்னிங்கா போய் நிக்கும். ட்ரேஸ் சேர்த்திருந்தா இன்னும் மோசம், இருக்கறதுலயே அற்பமான வரிகள் எல்லாம் வார்னிங்கா குவியும். சிஸ்லாக்ஹேண்ட்லர்லேர்ந்து ஒரு க்ளாஸ் உண்டாக்கி ப்ரையாரிட்டி_மேப்பை காப்பி பண்ணி நோட்டீஸுக்கு "நோட்டீஸ்"னும் ட்ரேஸுக்கு "டீபக்"னும் சேர்த்துடுங்க, அந்த க்ளாஸையே கான்ஃபிக்ல குடுங்க.

கலர் கலரா பிரின்ட் பண்ற ஃபார்மேட்டர் நீங்களே எழுதியிருந்தா, லெவல் பேருக்கு கலர் தேடற டிக்‌ஷ்னரில நோட்டீஸ் இருக்கான்னு பாருங்க, ஸ்கொயர் பிராக்கெட்ல நேரா தேடியிருந்தா கீஎரர் வரும், அதுவும் லாக் எழுதற இடத்துலயே. கிளவுட்ல லாக் போகுதுன்னா அங்க என்ன பேர் புரியும்னு பாத்துக்கோங்க. கூகுள் கிளவுட் லாகிங்ல நோட்டீஸ் 300னு சொந்தமாவே இருக்கு, இன்ஃபோ 200க்கும் வார்னிங் 400க்கும் நடுவுல, அதனால அங்க நிம்மதி. ட்ரேஸ்னு அங்க எதுவும் கிடையாது, டீபக்காத்தான் அனுப்பணும். டாஷ்போர்டும் அலர்ட் ரூலும் எழுதறவங்ககிட்ட முதல்லயே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, "லெவல் வார்னிங் அல்லது எரர்"னு பேரை வச்சு ஃபில்டர் எழுதியிருந்தா புது லெவல் அவங்க கண்ணுலயே படாது.

ட்ரேஸ் பத்தி ரெண்டு வார்த்தை

நம்பர் 5 வைங்க, லோகுரூலயும் ட்ரேஸ் 5தான். 0 மட்டும் வேண்டாம், காரணம் மேலேயே சொல்லிட்டேன். ட்ரேஸ் வரிகள் லூப்புக்குள்ள உக்காந்திருக்கும், அதனால அணைச்சு வச்சிருக்கறப்போ அதுக்கு ஆகற செலவுதான் முக்கியம். எஃப்-ஸ்ட்ரிங் போட்டு எழுதினா லெவல் அணைஞ்சிருந்தாலும் ஸ்ட்ரிங் முழுசா உருவாகிட்டுதான் தூக்கிப் போடப்படும், அதனால பர்சென்ட் குறி வச்சு ஆர்க்யுமென்ட்டை தனியா குடுங்க, தேவைப்பட்டாதான் சேர்க்கும். ஆர்க்யுமென்ட்டைக் கணக்கு பண்றதே பெரிய வேலைன்னா, ஒரு பெரிய ஆப்ஜெக்டை ஜேசன் ஆக்கறது மாதிரி, முன்னாடி இஃப் லாகர்.இஸ்எனேபிள்ட்ஃபார்(ட்ரேஸ்)னு ஒரு காவல் போடுங்க.

ட்ரேஸை ஆன் பண்றப்போ ரூட்ல பண்ணாதீங்க, உங்க பேக்கேஜோட லாகர்ல மட்டும் பண்ணுங்க. ரூட்டை 5க்கு இறக்கினா நீங்க இம்போர்ட் பண்ணின ஒவ்வொரு லைப்ரரியோட டீபக் வரியும் கொட்டும், நீங்க தேடறது அதுல எங்கயோ கிடக்கும். ரிக்வஸ்ட் ஹெடர் முழுசா எழுதறீங்கன்னா ஆதரைசேஷன் டோக்கனும் சேர்ந்து டிஸ்க்ல உக்காந்துடும், அதை எழுதறதுக்கு முன்னாடி மறைக்கற வேலையை ஒரு ஃபில்டர்கிட்ட குடுத்துடுங்க.

மத்த இடங்கள்ல, சுருக்கமா

லோகுரூ பயன்படுத்தறவங்களுக்கு இவ்ளோ பாடு இல்ல, லாகர்.லெவல்("நோட்டீஸ்", 26) மாதிரி ஒரு வரியில நம்பரும் கலரும் குடுத்துடலாம், அப்புறம் லாகர்.லாக்("நோட்டீஸ்", ...)னு கூப்பிடலாம். ஜாவால லாக்4ஜே 2ல லெவல்.ஃபார்நேம்("நோட்டீஸ்", 350), அங்க வார்ன் 300 இன்ஃபோ 400, அதாவது நம்பர் ஏற ஏற முக்கியத்துவம் குறையும். எஸ்எல்எஃப்4ஜே வழியா எழுதறீங்கன்னா கஸ்டம் லெவலே கிடையாது, மார்க்கர் வச்சுதான் பிரிக்கணும். கோ மொழில 1.21ல வந்த எஸ்லாக்ல டீபக் -4, இன்ஃபோ 0, வார்ன் 4, எரர் 8னு நடுவுல இடம் விட்டே வச்சிருக்காங்க, 2னு ஒண்ணு அனுப்பினா "இன்ஃபோ+2"ன்னு பிரின்ட் ஆகும், பேர் வேணும்னா ரீப்ளேஸ்ஆட்டர் ஃபங்க்‌ஷன்ல மாத்திக்கணும்.

டெஸ்ட் எழுதிடுங்க

ஒரு சின்ன டெஸ்ட் போதும். யூனிட்டெஸ்ட்ல அசர்ட்லாக்ஸ்க்கு லெவலா "நோட்டீஸ்"னு பேரையே குடுக்கலாம், ஆட்லெவல்நேம் ஓடியிருந்தா அது புரிஞ்சுக்கும். உள்ள லாகர்.நோட்டீஸ் ஒரு தடவை கூப்பிட்டு, வெளிய வந்து ரெக்கார்ட்ஸ்ல முதல் ரெக்கார்டை எடுத்து, லெவல்நோ 25ஆ, லெவல்நேம் சரியான்னு பாருங்க. அதோட நிறுத்தாம ஃபங்க்நேம் அந்த டெஸ்ட் ஃபங்க்‌ஷனோட பேர்தானான்னும் கட்டாயம் பாருங்க. அது "நோட்டீஸ்"னு வந்துதுன்னா ஸ்டேக்லெவல் தப்பு. நாளைக்கு பைத்தான் வெர்ஷன் ஏத்தறப்போ 3.11ல நடந்த மாதிரி ஏதாவது மாறினா, ப்ரொடக்‌ஷன் லாகைத் திறந்து முழிக்கறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட் சொல்லிடும். சிஸ்லாக்ஹேண்ட்லரை மாத்தியிருந்தா அதோட மேப்ப்ரையாரிட்டி மெத்தடை நோட்டீஸ்ங்கற பேரோட கூப்பிட்டு "நோட்டீஸ்"னு விடை வருதான்னும் ஒரு வரி சேர்த்துக்கோங்க.

இதெல்லாம் முடிஞ்ச பிறகு ஏற்கெனவே இருக்கற இன்ஃபோ வரிகள்ல எதை நோட்டீஸா மாத்தறதுன்னு வரும். கோடை மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சு ஒவ்வொண்ணா யோசிக்க வேண்டாம், ஆன்-கால்ல இருக்கறவங்க ஒரு பிரச்சனை வந்தா முதல்ல எந்த வார்த்தைகளை கிரெப் பண்ணித் தேடறாங்கன்னு கேளுங்க. அவங்க தேடறது எது எதுவோ, "டிப்ளாய் ஆச்சு", "ரீஸ்டார்ட்", "லீடர் மாறிடுச்சு", அந்த வரிகளை மட்டும் முதல்ல மாத்துங்க. ஒரு வாரம் கன்சோலை நோட்டீஸ்ல ஓட விட்டு, ஒரு நாளைக்கு விழற வரிகளை உக்காந்து ஒரே மூச்சுல படிக்க முடியுதான்னு பாருங்க, முடியலேன்னா ஏதோ ஒரு லூப்புக்குள்ள இருக்கற வரி மேல ஏறியிருக்கு, அதைத் தேடி இன்ஃபோவுக்கே திருப்பி அனுப்பிடுங்க.